வாடகை வீடு வாங்கும் முன்: வீடு தன் கடனைத் தானே சுமக்குமா?

வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கலாமா என்று யோசிப்பவர்களில் பலர் ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். மாதம் எவ்வளவு வாடகை வரும்? வங்கிக்கு எவ்வளவு தவணை கட்ட வேண்டும்? வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தால், வீடு தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் கணக்குப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து வரவு செலவை உட்கார்ந்து எழுதியபோதுதான், என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அந்த வீட்டுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

அந்த ஒரு வரிக் கணக்கில் விட்டுப்போவது என்ன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்கள் வரும், ஆனால் கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும்.

வாடகை 7, தவணை 5.43

ஒரு வீட்டின் விலை 1000 அலகு என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், விகிதம்தான் நமக்கு முக்கியம். மாத வாடகை 7. கையிலிருந்து 300 போட்டு, மீதி 700-ஐ வங்கியில் கடனாக வாங்குகிறோம். வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம், 20 வருடத்தில் அடைக்க வேண்டும். மாதத் தவணை 5.43 அலகு வரும்.

7-லிருந்து 5.43 போனால் மாதம் 1.57 மிச்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு முழு வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு வாடகை 84. ஆனால் 12 மாதமும் வீட்டில் ஆள் இருப்பார்கள் என்று எந்த உறுதியும் கிடையாது. ஒருவர் காலி செய்வார், அடுத்தவர் வரும்வரை வீடு பூட்டிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு மாதம் காலி என்று வைத்தால் 7 போய் 77. சொத்து வரி 6, காப்பீடு 3, குடியிருப்புச் சங்கத்துக்குக் கட்டுவது 4. பழுதுபார்ப்பு, பெயின்ட், குழாய், மோட்டார் எல்லாம் சேர்த்து 10. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தினால் அவருக்கு 6. ஆக மொத்தம் 29. எல்லாம் போகக் கையில் நிற்பது 48.

இந்த 48-தான் வீட்டின் உண்மையான சம்பாத்தியம். இதை நிகர வாடகை வருமானம் என்று சொல்லலாம். கடன் தவணை இதற்குள் வராது; அது வீட்டின் செலவு இல்லை, அதை வாங்குவதற்கு நாம் தேர்ந்தெடுத்த வழியின் செலவு. இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே எளிதாகிவிடும். முதலில் வீடு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் அந்தச் சம்பாத்தியம் எவ்வளவு கடனைத் தாங்கும் என்ற கேள்வி.

சரி, ஆண்டுத் தவணை எவ்வளவு? 65. வீடு சம்பாதிப்பது 48. வருடத்துக்கு 17 அலகை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து போட வேண்டும். மாதம் 1.57 மிச்சம் வரும் என்று நினைத்த வீடு, மாதம் 1.4 கேட்கிறது.

இதில் எந்த எண்ணும் மிகையானது இல்லை. பராமரிப்புக்கு ஆண்டுக்கு வீட்டு விலையில் 1 சதவீதம் ஒதுக்குவது பல இடங்களில் புழங்கும் ஒரு கைக்கணக்கு. நிலத்தின் விலையே பெரும்பகுதியாக இருக்கும் இடங்களில் அது பொருந்தாது, ஏனென்றால் பழுதாவது கட்டடம்தான், மண் பழுதாவதில்லை. அமெரிக்க முதலீட்டாளர்கள் இன்னொரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: வரக்கூடிய வாடகையில் பாதி, கடன் தவணையைச் சேர்க்காமலே, செலவிலும் காலி மாதங்களிலும் போய்விடும் என்று. நம் உதாரணத்தில் 84-ல் 36 போயிருக்கிறது, அதாவது 43 சதவீதம். இந்தக் கைக்கணக்குகளை வைத்து வீடு வாங்கக் கூடாது. ஆனால் தரகர் காட்டும் தாளில் செலவு வெறும் 10 சதவீதம் என்று இருந்தால், எதையோ விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க உதவும்.

கடன் எப்போது தூக்கிவிடும், எப்போது அமுக்கும்

நிகர வருமானத்தை விலையால் வகுத்தால் வருவதைக் கேப் ரேட் என்பார்கள். மேலே சொன்ன வீட்டுக்கு 48-ஐ 1000-ஆல் வகுத்தால் 4.8 சதவீதம். கடனே வாங்காமல் முழுப் பணமும் கொடுத்து வாங்கினால் ஆண்டுக்குக் கிடைக்கும் வருமானம் இது.

இப்போது கவனியுங்கள். வீடு 4.8 சதவீதம் சம்பாதிக்கிறது. கடனுக்கு 7 சதவீதம் வட்டி. 7-க்கு வாங்கி 4.8-க்கு விடுகிறோம். எவ்வளவு அதிகமாகக் கடன் வாங்குகிறோமோ அவ்வளவு நட்டம். இந்த எளிய ஒப்பீட்டைப் பலர் செய்வதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். இரண்டே எண்கள்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

வேறொரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கொஞ்சம் பழையது, பார்வைக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது. விலை 600, மாத வாடகை 6. ஆண்டு வாடகை 72, ஒரு மாதம் காலி போக 66. சொத்து வரி 4, காப்பீடு 2, பழைய வீடு என்பதால் பராமரிப்புக்கு விலையோடு பார்த்தால் சற்றுக் கூடுதலாக 9, பார்த்துக்கொள்பவருக்கு 5. மொத்தச் செலவு 20. நிகரம் 46. முதல் வீட்டைவிட 400 குறைவான விலைக்கு வாங்கியும் கிட்டத்தட்ட அதே சம்பாத்தியம். கேப் ரேட் 7.7.

இதற்கு 60 சதவீதம், அதாவது 360 கடன் வாங்கினால், அதே 7 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை 33.5. வீடு சம்பாதிப்பது 46. மிச்சம் 12.5. நாம் போட்ட சொந்தப் பணம் 240, அதற்கு 5.2 சதவீதம் ரொக்கமாகக் கையில் வருகிறது. அதோடு, முதல் வருடத் தவணையில் 8.6 அலகு அசலைக் குறைத்திருக்கும். அந்தப் பணம் கையில் வராது, ஆனால் வீட்டில் நம் பங்கு அந்த அளவுக்குக் கூடியிருக்கும். இரண்டையும் கூட்டினால் போட்ட பணத்துக்கு 8.8 சதவீதம். கடன் இங்கே நம்மைத் தூக்கிவிடுகிறது, காரணம் வீடு வட்டியைவிட அதிகம் சம்பாதிக்கிறது.

பழைய வீடு எப்போதும் நல்லது என்று இதிலிருந்து முடிவு செய்துவிடாதீர்கள். பழைய வீட்டில் ஒரே ஒரு பெரிய பழுது, கூரையிலோ அடித்தளத்திலோ, மூன்று வருட மிச்சத்தைத் தின்றுவிடும். கேப் ரேட் அதிகமாக இருப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவது காரணம் இருக்கும். வட்டாரத்தில் வேலைவாய்ப்பு குறைந்துகொண்டிருக்கலாம், கட்டடம் தளர்ந்திருக்கலாம். எண் நன்றாக இருந்தால், ஏன் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மகிழ்ச்சி அடைய வேண்டும்.

"வாடகை குறைவாக வந்தால் என்ன, விலை ஏறுமே" என்று ஒரு பதில் எப்போதும் வரும். ஏறலாம். ஏறாமலும் போகலாம். ஜப்பானில் 1991 வாக்கில் உச்சத்தைத் தொட்ட நகர நில விலை, அதன்பின் பத்து வருடத்துக்கும் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2006-க்கும் 2012-க்கும் இடையே வீட்டு விலை சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. நம் முதல் வீட்டில் சொந்தப் பணம் 300, விலை 1000. விலை 10 சதவீதம் இறங்கினால் போவது 100. வீட்டுக்கு அது 10 சதவீதம், ஆனால் நம் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏறும்போதும் இதே பெருக்கல்தான் நடக்கிறது, அதனால்தான் கடன் வாங்கி வாங்குபவர்கள் ஏறும் காலத்தில் திறமைசாலிகளாகத் தெரிகிறார்கள். விலையேற்றம் வந்தால் வரட்டும். அது வராவிட்டாலும் நிற்கக்கூடிய வீடாக இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

வங்கி எதைப் பார்க்கிறது

வங்கி பார்க்கும் முதல் விஷயம், வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் கேட்கிறோம் என்பது. சொந்தமாகக் குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு அதிக சதவீதம் கொடுப்பார்கள். வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பொதுவாகக் குறைவாகக் கொடுப்பார்கள், வட்டியும் கொஞ்சம் கூடும். இதில் வஞ்சனை எதுவும் இல்லை. பணக்கஷ்டம் வரும்போது மனிதர்கள் தாங்கள் வசிக்கும் வீட்டின் தவணையைக் கடைசிவரை கட்டுவார்கள், முதலில் கைவிடுவது வாடகை வீட்டைத்தான். வட்டி குறையும் என்பதற்காக "நானே குடியிருக்கப்போகிறேன்" என்று பொய்யாக எழுதிக் கொடுக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அது கடன் மோசடி. செய்யாதீர்கள்.

இரண்டாவது, வருமானம் தவணையைத் தாங்குமா என்பது. நிகர வருமானத்தை ஆண்டுத் தவணையால் வகுக்கிறார்கள். முதல் வீட்டுக்கு 48-ஐ 65-ஆல் வகுத்தால் 0.74. இரண்டாவது வீட்டுக்கு 46-ஐ 33.5-ஆல் வகுத்தால் 1.37. வாடகைக் கட்டடங்களுக்கு வணிகக் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் 1.2, 1.25 என்ற அளவாவது இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். சம்பளக்காரர்களுக்கு வங்கி இதைக் கேட்காமல், சம்பளத்தை மட்டும் பார்த்தே கடன் கொடுத்துவிடலாம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. வங்கிக்குப் பணம் திரும்பி வரும் என்பது உறுதி, ஏனென்றால் அதை நம் சம்பளத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வீடு நட்டத்தில் ஓடினாலும் வங்கிக்குக் கவலையில்லை. ஆகவே வங்கி கேட்காவிட்டாலும் இந்த விகிதத்தை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் அந்த வீட்டை நம் சம்பளம் சுமக்கிறது என்று அர்த்தம்.

தவணையின் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 700 கடனுக்கு முதல் மாதம் கட்டும் 5.43-ல் 4.08 வட்டிக்கே போய்விடும், 1.34 மட்டும்தான் அசலைக் குறைக்கும். மாதம் செல்லச் செல்ல வட்டிப் பங்கு சுருங்கி அசல் பங்கு வளரும். ஆனால் மெதுவாக. 20 வருடக் கடனில் சரியாகப் பாதி வழி, 10 வருடம் கட்டி முடித்த நாளில், இன்னும் 467 பாக்கி இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு. ஐந்தாறு வருடத்தில் விற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்குபவர்கள், அதுவரை கட்டியதில் பெரும்பகுதி வட்டி என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வங்கியிடம் கேட்டால் முழுத் தவணை அட்டவணையையும் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்பது அடுத்து. மாறும் வட்டி தொடக்கத்தில் குறைவாக இருக்கும், அதனால் கவர்ச்சியாகத் தெரியும். பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் 5.25. அமெரிக்காவில் 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த மத்திய வங்கி வட்டி, 2023 ஜூலையில் 5.25-க்கும் 5.5-க்கும் இடையே போனது. பிரிட்டனில் வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து வருடத்துக்குத்தான் நிலையாக இருக்கும். அந்தக் கெடு முடிந்து புது வட்டிக்கு மாறியபோது, சிறிய வாடகை வீட்டுக்காரர்கள் பலருக்குத் தவணை தாங்க முடியாத அளவுக்கு ஏறியது.

நம் இரண்டாவது வீட்டில் வட்டி 7-லிருந்து 9 ஆனால், தவணை ஆண்டுக்கு 33.5-லிருந்து 38.9 ஆகும். மிச்சம் 12.5-லிருந்து 7.1-ஆகக் குறையும். வலிக்கும், ஆனால் வீடு நிற்கும். கடன் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: இரண்டு சதவீதம் வட்டி கூடினால், இரண்டு மாதம் கூடுதலாக வீடு காலியாக இருந்தால், அப்போதும் மூச்சுவிட முடியுமா?

முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் உண்டா, சில வருடம் கழித்து மொத்த பாக்கியையும் ஒரே தடவையில் கட்டச் சொல்லும் விதி இருக்கிறதா என்பதைப் பத்திரத்தில் தேடிப் படியுங்கள். இந்த இரண்டும் பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

கையிருப்பு

வீடு வாங்கக் கையிலிருக்கும் கடைசிக் காசுவரை போட்டுவிடுவது மிகப் பொதுவான தவறு. பதிவுக் கட்டணம், முத்திரைக் கட்டணம், வக்கீல், தரகு, குடிவிடும் முன் செய்ய வேண்டிய பழுது என்று விலைக்கு மேலேயே ஒரு தொகை போகும். அது போக, தவணையும் செலவும் சேர்ந்து குறைந்தது ஆறு மாதத்துக்கு ஆகும் பணம் தனியாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதை வீட்டுக்கென்றே தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், அமெரிக்கா வாடகை தராதவர்களைக் காலி செய்யச் சொல்வதற்கே நாடு தழுவிய தடை போட்டது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தும்வரை நீண்டது. மக்கள் தெருவுக்கு வராமல் காக்க அப்படியொரு ஏற்பாடு தேவைப்பட்டது. ஆனால் ஒரே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு, கையிருப்பு இல்லாமல், தவணை கட்டிக்கொண்டிருந்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். வாடகை நிற்கலாம், கடன் நிற்காது.

காப்பீட்டைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. சொந்தமாகக் குடியிருப்பதாகச் சொல்லி எடுத்த காப்பீடு, வீட்டை வாடகைக்கு விட்டபின் செல்லாமல் போகலாம். வீடு தொடர்ந்து பல வாரம் பூட்டியிருந்தால் சில இழப்புகளுக்குப் பணம் தர மாட்டோம் என்ற விதியும் பல காப்பீடுகளில் உண்டு.

ஆள் தேர்வு, ஒப்பந்தம், அப்புறம் அன்றாடம்

கடன் ஒருமுறை எடுக்கும் முடிவு. நிர்வாகம் ஒவ்வொரு மாதமும் நடப்பது. ஆனாலும் வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதிகூட இதில் பலர் காட்டுவதில்லை.

குடிவருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு: தொடர்ந்து வாடகை கொடுக்கும் வசதி இருக்கிறதா, முன்பு இருந்த வீட்டை எப்படி வைத்திருந்தார். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை இருந்தால் நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதைவிட, அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பது பயன் தரும். இப்போதைய வீட்டுக்காரருக்கு அவரை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கலாம், முந்தையவருக்கு அது இல்லை. சாதி, மதம், இனம், குடும்ப நிலை பார்த்து வீடு மறுப்பது அநியாயம். பல நாடுகளில் சட்டவிரோதமும்கூட. அமெரிக்காவில் இனம், மதம் பார்த்து மறுப்பதைத் தடுக்க 1968-லேயே சட்டம் வந்துவிட்டது. மனிதர் வாடகை கொடுப்பாரா, வீட்டைப் பார்த்துக்கொள்வாரா என்பதற்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், உறவினராக இருந்தாலும். வாடகை எந்தத் தேதிக்குள், தாமதமானால் என்ன, எந்தப் பழுதை யார் பார்ப்பது, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, வாடகை எப்போது எவ்வளவு கூடும், வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க எப்படிச் சொல்லிவிட்டு வர வேண்டும். இவ்வளவும் தெளிவாக இருந்தால் சண்டையில் முக்கால்வாசி தொடங்கவே தொடங்காது. குடிவரும் அன்று ஒவ்வொரு அறையையும், சுவர், தரை, ஜன்னல், குழாய் என்று, இருவருமாகச் சேர்ந்து போட்டோ எடுத்து, பழுதுகளை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். காலி செய்யும் நாளில் "இந்தக் கீறல் முன்பே இருந்தது" என்ற வாக்குவாதத்துக்கு வேறு மருந்து கிடையாது.

அட்வான்ஸ் தொகை நம் பணம் இல்லை. குடியிருப்பவர் நம்மை நம்பி ஒப்படைத்த பணம். அதைத் தனியே வைத்திருந்து, போகும் நாளில் நியாயமான கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல் இந்தத் தொகையை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றின்கீழ் கொண்டுவந்தாக வேண்டும் என்பது சட்டம். சட்டம் சொல்லாத இடத்திலும் அந்த ஒழுங்கை நாம் வைத்துக்கொள்ளலாம். அட்வான்ஸை எடுத்துத் தவணை கட்டிவிட்டு, கேட்கும்போது அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன் என்று சொல்வது மிகவும் தவறு. போகிறவர் அடுத்த வீட்டுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்பார்.

பழுதைத் தள்ளிப்போடாதீர்கள். கூரையில் ஒரு சின்ன ஈரத் திட்டு தெரிகிறது என்று குடியிருந்தவர் சொன்னபோது, மழைக்காலம் முடியட்டும் என்று நான் விட்டேன். மழை முடிந்தபோது பூச்சு உதிர்ந்து, கம்பி துருப்பிடித்து, சுவர் வழியாக மின்சார இணைப்புவரை நீர் இறங்கியிருந்தது. முதலில் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல் பல மடங்கு ஆனது. பண நட்டத்தைவிட, ஒரு குடும்பம் அந்த ஈர அறையில் மாதக்கணக்கில் தூங்கியது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. நமக்கு அது முதலீடு. உள்ளே இருப்பவர்களுக்கு அது வீடு.

நம்பகமான பிளம்பர், எலக்ட்ரீஷியன் ஆகியோரின் எண்களை வீடு வாங்கிய மாதத்திலேயே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தண்ணீர் கொட்டும்போது தேட ஆரம்பித்தால் கிடைப்பவர் கேட்பதே கூலி.

வாடகையை உயர்த்துவது பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. இரண்டாவது வீட்டையே எடுத்துக்கொள்வோம். வாடகை 6. ஐந்து சதவீதம் உயர்த்தினால் மாதம் 0.3, வருடத்துக்கு 3.6 கூடுதல். அதற்காக நல்ல குடியிருப்பாளர் ஒருவர் கிளம்பிவிட்டால்? ஒரு மாதம் காலி 6, பெயின்ட்டும் தரகும் சேர்த்து 3 என்று வைத்தால் மொத்தம் 9. உயர்த்திய வாடகையால் இதை மீட்க இரண்டரை வருடம் ஆகும். அதற்காக உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல வருடம் உயர்த்தாமல் விட்டுவிட்டு ஒரேயடியாக ஏற்றுவது இருவருக்கும் கஷ்டம். சின்ன உயர்வு, முன்கூட்டியே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதியபடி. அக்கம்பக்கத்து வாடகையைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்து, ஒழுங்காகத் தருபவரைப் பல வருடம் தக்கவைத்துக்கொள்வதுதான் என் அனுபவத்தில் அதிகம் சம்பாதித்துத் தந்த வழி. வாடகை உயர்வுக்குச் சட்ட வரம்பு உள்ள ஊர்களும் நிறைய உண்டு. பெர்லின் நகரம் 2020-ல் வாடகையை உறையவைத்துச் சட்டம் போட்டது, 2021 ஏப்ரலில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வருடா வருடம் வாடகை ஏறும் என்று எழுதி வைத்த கணக்கில் இப்படிப்பட்ட வருடங்களுக்கும் இடம் விட வேண்டும்.

நிர்வாகியை அமர்த்துவதா, நாமே பார்த்துக்கொள்வதா? வீடு பக்கத்தில் இருந்து, நேரமும் இருந்தால் முதல் வீட்டை நாமே பார்ப்பது நல்லது, தொழில் பிடிபடும். ஆனால் கணக்கு எழுதும்போது அந்தச் செலவையும் சேர்த்தே எழுதுங்கள், நம் நேரத்துக்கும் விலை உண்டு. நிர்வாகிக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கழித்தால் நட்டத்தில் விழும் வீடு, நம் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொண்டுதான் லாபம் காட்டுகிறது.

வரி, கணக்கு, அடுத்த வீடு

வரி நாட்டுக்கு நாடு வேறு, ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அமெரிக்காவில் வாடகைக் குடியிருப்புக் கட்டடத்தின் மதிப்பை 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம், நிலத்தின் மதிப்பைக் கழிக்க முடியாது. இந்தியாவில் பழுதுபார்ப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவானாலும் கழிவு, சொத்து வரி போக மிஞ்சும் வாடகையில் ஒரே நிலையான 30 சதவீதம்தான். பிரிட்டனில் கடன் வட்டியை வாடகை வருமானத்திலிருந்து முழுதாகக் கழிக்கும் வசதியை 2017 முதல் படிப்படியாகக் குறைத்து, 2020-க்குள் 20 சதவீத வரிச் சலுகையாக மாற்றிவிட்டார்கள். அதிக வரி கட்டுபவர்களில் சிலருக்கு லாபத்தில் இருந்த வீடு வரிக்குப் பின் நட்டமானது. ஆகவே கணக்காளரிடம் போவதை வாங்கிய பிறகு என்று தள்ளிப்போடாமல் வாங்கும் முன்பே ஒரு முறை செய்துவிடுங்கள்.

வீட்டு வரவு செலவைச் சொந்தக் கணக்கோடு கலக்காதீர்கள். ஒவ்வொரு ரசீதையும், சின்ன பல்பு வாங்கியதைக்கூட, தேதியோடு எழுதி வையுங்கள்.

முதல் வீடு சில வருடம் நன்றாக ஓடி, விலையும் ஏறிவிட்டால், அதை வைத்து மறுகடன் வாங்கி அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்ற யோசனை வரும். செய்யலாம். ஆனால் அப்படி எடுக்கும் பணம் லாபம் இல்லை, முதல் வீட்டின் தலையில் ஏற்றிய புதுக் கடன். இரண்டாவது வீடு தடுமாறினால் முதல் வீடும் சேர்ந்து ஆடும். அதனால் அந்த யோசனை வரும் நாளில், வாங்கும் முன் போட்ட மதிப்பீட்டுத் தாளையும் இதுவரையிலான உண்மைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பராமரிப்புக்கு 9 என்று எழுதினோம், உண்மையில் சராசரி 13 ஆகியிருக்கலாம். ஒரு மாதம் காலி என்று எழுதினோம், மூன்று வருடமாக ஒரே குடும்பம் இருந்ததால் காலியே இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த வித்தியாசங்களைத் திருத்தி, மறுகடனுக்குப் பின் வரும் புதுத் தவணையால் நிகர வருமானத்தை இன்னொரு முறை வகுங்கள். 1.25-க்கு மேல் நின்றால் வங்கிக்குப் போங்கள். நிற்காவிட்டால், பழைய கடன் இன்னும் கொஞ்சம் கரையும்வரை முதல் வீட்டையே பார்த்துக்கொண்டிருங்கள்.